பெனால்டி நேரத்தில் எழுந்து போன பேரன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டத்தில் தூத்தூருக்கும் நீரோடிக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊர் எனக்கு. முப்பத்தைந்து வருஷம் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன் பிடிக்க, போனவன், பெரும்பாலும் சுறாத் தூண்டில். இப்போது உடம்பு கடலுக்கு ஒத்துவரவில்லை, கரையில் இருக்கிறேன். முப்பத்துநான்கு வயது வரை எங்கள் ஊர்க் கால்பந்து டீமின் கோலியும் (கோல் காப்பவன்) நான்தான். உங்கள் பத்திரிகையை எங்கள் ஊர் நூலகத்தில் தினமும் முதலில் கையில் எடுப்பவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். பத்திரிகைக்கு இதுதான் என் முதல் கடிதம்.

கடந்த ஞாயிறு மாலை எங்கள் மைதானத்தில் கால் இறுதி ஆட்டம். ஈஸ்டர் முடிந்துவிட்டால் எங்கள் எட்டு ஊர்க் கரையிலும் பந்துகளி தொடங்கிவிடும் என்பது உங்கள் மார்த்தாண்டம் நிருபருக்குத் தெரியாதது அல்ல. எங்கள் ஊரும் பக்கத்து ஊரும் மோதினால் கூட்டத்தைக் கேட்க வேண்டாம். தோப்பு ஓரம், குருசடித் திண்ணை, கவிழ்த்துப் போட்ட வள்ளம், எல்லா இடத்திலும் ஆள். நாலரைக்குத் தொடங்கி ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது.  வெற்றியை முடிவு செய்ய இரு பக்கமும் மாறி மாறிக் கோலுக்கு உதைக்கும் பெனால்டிக்குப் போகும்போது மணி ஆறு இருபது.

டாஸில் கடல் பக்கப் போஸ்ட் விழுந்தது. அந்த நேரத்தில் அது கோலிக்கு வாய்த்த அதிர்ஷ்டம். சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் கடலில் இறங்கிக்கொண்டிருக்கும். உதைக்க வருகிறவன் கண்ணில்தான் வெயில் அடிக்கும். கோலி கையை விரித்து நின்றால் உதைப்பவனுக்கு ஒரு கறுத்த உருவம்தான் தெரியும், எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பிடிபடாது. நான் விளையாடிய காலத்தில் அந்தப் போஸ்டு கிடைக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டதே உண்டு. மேலே போகும் பந்து அலையில் விழும் என்பதால் அதை எடுக்க நாலு பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் தயாராக நின்றார்கள்.

ஆளுக்கு மூன்று உதை முடிந்திருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பையன்கள் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். ஆறரைக்கு டிவியில் இங்கிலாந்தின் பெரிய லீக் ஆட்டமாம். அதில் என் பேரனும் ஒருத்தன், அங்குள்ள மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் சிவப்புச் சட்டை போட்டிருந்தான்.

"லேய், இன்னும் முடியலையே" என்றேன்.

"அங்க களி தொடங்கிரும் பாட்டா. இதுல யாரு ஜெயிச்சான்னு நீங்க வந்து சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான்.

ஐந்தாவது உதையை எங்கள் கோலி இடது கையால் தட்டிவிட்டான், நாங்கள் ஜெயித்தோம். அவனுக்குப் பத்தொன்பது வயது. அன்று விடியற்காலைதான் அவன் போன போட்டு (விசைப்படகு) பன்னிரண்டு நாள் கழித்துத் தேங்காய்ப்பட்டணத்தில் கரை பிடித்திருந்தது. மீனை இறக்கி, ஏலம் முடித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து போஸ்டில் வந்து நின்றவன். அவனைத் தோளில் தூக்க வேண்டிய பையன்களில் பாதிப் பேர் அங்கே இல்லை.

மறுநாள் நூலகத்துக்குப் போய் உங்கள் விளையாட்டுப் பக்கத்தைத் திறந்தேன். இங்கிலாந்து ஆட்டத்துக்கு அரைப் பக்கம், வண்ணப் படம். ஸ்பெயினுக்குக் கால் பக்கம். எங்கள் கால் இறுதிக்கு ஒரு வரியும் இல்லை. கோபப்பட்டு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒன்றை, கடல் தாண்டிப் போய் நான் பார்த்துவந்த ஒன்றை, உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் மகள் இங்கிலாந்தில் நர்ஸ். வேலை கிரிம்ஸ்பி என்ற ஊரில். போன வருஷம் ஜூனில் என்னை அங்கே கூட்டிக்கொண்டு போய் நவம்பர் வரை வைத்திருந்தாள். கிழக்குக் கரையில் உள்ள மீன்பிடித் துறைமுகம் அது. ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய மீன்பிடித் துறைமுகம் என்று பேர் வாங்கிய ஊர். ஐஸ்லாந்துக் கடலுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் திரும்பும் படகுகள் நூற்றுக்கணக்கில் இருந்தனவாம். ஐஸ்லாந்து தன் கடல் எல்லையை 200 மைலுக்கு நீட்டியதும், 1976இல் அதனால் இங்கிலாந்தோடு வந்த சண்டை முடிந்து உடன்பாடு வந்ததும், அந்தத் தொழில் படுத்துவிட்டது. இன்றைக்கும் மீன் வருகிறது, ஆனால் பெரும்பாலும் வேறு நாட்டுக்காரன் பிடித்த மீன்.

பக்கத்து வீட்டில் எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஒருவர் இருந்தார். இளவயதில் படகிலிருந்து மீன் இறக்கும் வேலை செய்தவர். நான் சுறாத் தொழில்காரன் என்று மகள் சொன்னதும், "எத்தனை நாள் கடலில் இருப்பீர்கள்?" என்று கேட்டார். முப்பது, சில சமயம் நாற்பது என்றேன். அப்படியே என் கையைப் பிடித்து உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். தூண்டில் கயிறு அறுத்த தழும்பைப் பெருவிரலால் ஒரு முறை தடவினார். தன் அப்பாவின் கையும் இப்படித்தான் இருந்தது என்று மகளிடம் சொன்னார். அப்புறம் சனிக்கிழமை பந்துகளிக்கு வருகிறீர்களா என்று கேட்டார். நான் கோலியாக இருந்தவன் என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

கிரிம்ஸ்பி டவுன் என்ற கிளப் 1878இல் தொடங்கியது. இங்கிலாந்தில் மேலே 20 கிளப்புகள் உள்ள பிரீமியர் லீக், அதற்குக் கீழே 24, 24, 24 என்று மூன்று படி. கிரிம்ஸ்பி அந்த நாலாவது படியில் இருக்கிறது. கடைசியாக உச்சப் படியில் விளையாடியது 1948இல். அதாவது ஊரில் இன்று எழுபத்தைந்து வயதுக்காரருக்குக் கூட தன் டீமை மேல் லீக்கில் பார்த்த ஞாபகம் கிடையாது. ஆனாலும் சனிக்கிழமை இரண்டு மணிக்கு அந்தத் தெருக்களைப் பார்க்க வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டையோடு அப்பனும் பிள்ளையும் பேத்தியுமாக நடந்து போகிறார்கள். சட்டையின் நெஞ்சில் உள்ள சின்னத்தில் ஒரு மீன்பிடிப் படகு இருக்கிறது. டீமின் செல்லப் பெயர் கடலோடிகள். கையில் காற்றடைத்த பெரிய ரப்பர் மீனைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள், "மீன், மீன்" என்று கத்துகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. மீன்காரன் என்பதைச் சிலர் வசவாகச் சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே எட்டாயிரம் பேர் அதையே கொடியாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

மைதானத்தின் பேர் பிளண்டல் பார்க். மொத்தமே சுமார் ஒன்பதாயிரம் பேர்தான் கொள்ளும். ஒரு பக்கம் 1901இல் கட்டிய மரக் காலரி இன்னும் நிற்கிறது. அதற்குப் பின்னால் ரயில் பாதை, அதையும் தாண்டினால் ஹம்பர் ஆற்றின் கழிமுகம். எதிர்ப்பக்கம் மேல் தட்டில் இருந்து பார்த்தால் கப்பல் போவது தெரியும். கோல் போஸ்டுக்குப் பின்னால் உள்ள காலரிக்குப் பாண்டூன் என்று பேர். மீன் இறக்கும் துறையையும் அந்த ஊர்க்காரர்கள் இதே சொல்லால்தான் சொல்வார்களாம். பெரியவருக்கு அங்கேதான் இடம். அவருடைய அப்பா நின்ற இடம், இப்போது அவர் உட்காருகிறார்.

நான் உட்கார்ந்த இடத்திலிருந்து போஸ்டு பதினைந்து அடி இருக்கும். கோலி தன் பாக்குகளை, அதாவது முன்னால் நின்று தடுக்கும் ஆட்டக்காரர்களை, கூப்பிட்டுக் கத்துவது காதில் விழுந்தது. பாஷை புரியவில்லை. ஆனால் கார்னர் வரும்போது ஒரு கோலி என்ன கத்துவான் என்று எனக்குத் தெரியாதா! அவன் பூட்ஸ் முனையால் போஸ்டின் அடியை இரண்டு தட்டுத் தட்டி, தான் நிற்கும் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டான். நானும் அப்படித்தான் செய்வேன். டிவியில் இதையெல்லாம் எங்கே காட்டுகிறார்கள்? கோல் விழுந்தால் கொண்டாடலாமா, வீடியோ பார்த்து முடிவு சொல்வார்களா என்று காத்திருக்கும் தொல்லையும் அங்கே இல்லை. நாலாவது லீக்கில் அந்த ஏற்பாடே கிடையாது. ரெஃபரி விசில் அடித்தால் அதுதான் முடிவு, திட்டுவதாக இருந்தாலும் அப்போதே திட்டிக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 27ஆம் தேதி நடந்ததை உங்கள் பத்திரிகையும் போட்டிருந்தது என்று பேரன் போனில் சொன்னான். லீக் கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட் அந்தச் சின்ன மைதானத்துக்கு வந்தது. முதல் பாதியிலேயே கிரிம்ஸ்பி இரண்டு கோல் அடித்தது. கடைசி கால் மணி நேரத்தில் மான்செஸ்டர் இரண்டையும் திருப்பியது. பெனால்டியில் பன்னிரண்டுக்குப் பதினொன்று என்று கிரிம்ஸ்பி ஜெயித்தது. மான்செஸ்டரின் கடைசி உதை மேல் கம்பியில் பட்டுத் திரும்பியது. எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. டிவியில்தான் பார்த்தேன். ஆனால் ஜன்னலைத் திறந்து வைத்திருந்தோம், மைதானத்துச் சத்தம் டிவிக்கு முன்னால் காதில் விழுந்துவிடும். இருபத்து மூன்று உதை உள்ளே போயிற்று என்று முதலில் ஜன்னல் சொல்லும், அப்புறம்தான் டிவி காட்டும்.

அந்த ராத்திரி பெரியவர் அழுதார். ஆனால் ஆசிரியர் அவர்களே, அந்த வெற்றியைப் பார்த்து நான் கிரிம்ஸ்பிக்காரன் ஆகவில்லை. அதற்குப் பிறகு ஒரு சாதாரண சனிக்கிழமை, மழைத் தூறலில், எதிரே எந்தப் பெரிய டீமும் இல்லாத ஒரு ஆட்டத்துக்குப் போனோம். அன்றும் அதே ஆட்கள், அதே இடங்களில். மான்செஸ்டரைத் தோற்கடித்ததைப் பற்றி யாரும் பேசவில்லை. லெஃப்ட் பாக்குக்குக் கணுக்கால் சரியாகிவிட்டதா என்று பேசினார்கள். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது ஒரு விளையாட்டுக்காரன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனான். பெரியவர் ஏதோ சொன்னார், அவன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போனான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "உன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஊர் மணல் ஞாபகம் வந்தது.

2021இல் இந்த டீம் நாலாவது படியிலிருந்தும் கீழே விழுந்தது, அடுத்த வருஷமே ஏறி வந்தது. 2023இல் பெரிய கிளப்பும் சின்னக் கிளப்பும் சேர்ந்து மோதும் எஃப்.ஏ. கோப்பையில் கால் இறுதி வரை போய், பிரைட்டனிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்றது. அன்று கடைசி விசில் வரை ரப்பர் மீனை ஆட்டிக்கொண்டிருந்தோம் என்றார் பெரியவர். பரி என்று இன்னொரு கிளப்பைப் பற்றியும் சொன்னார். 1885இல் பிறந்து இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப். கடனில் மூழ்கி 2019இல் லீக்கை விட்டே நீக்கப்பட்டது. அந்த ஊர்க்காரர்கள் விடவில்லை. 2023இலிருந்து தங்கள் பழைய மைதானத்தில், எவ்வளவோ கீழே உள்ள லீக்கில், திரும்பவும் விளையாடுகிறார்கள். மறு பக்கம் 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பணக்காரக் கிளப்புகள் சேர்ந்து, தாங்கள் எந்நாளும் கீழே இறங்கத் தேவையில்லாத தனி லீக் தொடங்குவதாக அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கியதும் இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்கிவிட்டன. விழுவதற்குப் பயப்படாதவனுக்குத்தான் ஏறுவதில் ருசி இருக்கும் என்று அந்தப் பெரிய கிளப்புகளுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதையும் உங்களுக்குத் தெரியும். 2014இல் எட்டு டீமோடு ஐஎஸ்எல் என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. 2019 மார்ச்சில் கோவை மைதானத்தில் மினர்வா பஞ்சாபை மூன்றுக்கு ஒன்று என்று தோற்கடித்துச் சென்னை சிட்டி, நாட்டின் இன்னொரு லீக்கான ஐ-லீக் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று அந்தக் கோப்பையைத் தூக்கிய நாள். நான் கொச்சி தோப்பும்படியில் போட்டில் ஐஸ் ஏற்றிக்கொண்டே போனில் ஸ்கோர் கேட்டேன். ஆனால் கோப்பையை வென்றும் ஐஎஸ்எல்லுக்கு ஏற வழி இல்லை, அப்போது அப்படி ஒரு கதவே கிடையாது. 2022-23இல்தான் கதவைத் திறந்தார்கள். அந்த வருஷம் பஞ்சாப் ஏறியது, அடுத்த வருஷம் கொல்கத்தாவின் முகமதன். சென்னை சிட்டிக்கு அது உதவவில்லை, அந்த டீம் இன்று களத்தில் இல்லை. கோப்பை வென்றதற்கு முந்தைய சீசனில் அந்த டீமுக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் குமரிக் கடற்கரையில் பிறந்தவர், பிறகு ஜாம்ஷெட்பூர், ஏடிகே என்று பெரிய டீம்களுக்குப் போனார். அவர் ஐஎஸ்எல்லில் ஆடியபோது டிவி முன்னால் கூட்டம் கூடியது. சந்தோஷம். ஆனால் அவரைப் போல ஒருத்தன் உருவாவது டிவியில் இல்லை, வெறுங்காலோடு பந்து ஆடும் இந்த மணலில்தான்.

போன வருஷம் ஜூலையில் ஐஎஸ்எல்லையே நிறுத்தி வைப்பதாகச் செய்தி வந்தது. மேலிடத்தில் ஏதோ ஒப்பந்தம் முடிகிறதாம். அதே வாரம் பேரன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். மீன்பிடித் தடைக்காலம், போட்டுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன, மழை கொட்டுகிறது, எங்கள் மைதானத்தில் முழங்கால் சேற்றில் இருபத்திரண்டு பேர் பந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பந்து நிற்க எந்த ஒப்பந்தமும் தேவையில்லை, ஒன்றே ஒன்றுதான் நிறுத்தியது. 2017இல் ஓகி புயல். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு யாரும் பந்தைத் தொடவில்லை. எங்கள் டீமின் ரைட் பாக் திரும்பி வரவில்லை. இரண்டாம் எண் சட்டையை இன்றுவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. ஆட்டம் தொடங்கும்முன் அதை மடித்து எங்கள் பெஞ்சில் வைப்போம். கிரிம்ஸ்பியிலும் மீனவர் நினைவுச் சிலை ஒன்று இருக்கிறது. பெரியவர் அங்கே கூட்டிப் போனபோது நான் இந்தச் சட்டையைப் பற்றிச் சொன்னேன். மகள் மொழிபெயர்த்து முடிக்கும் வரை தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பெரிய லீக்கில் ஆட்டம் அழகு. மறுக்க மாட்டேன், நானும் பார்க்கிறேன். அந்த வேகமும் பாஸும் நம் பையன்களிடம் கிடையாது. பையன்கள் பார்க்கட்டும், கற்றுக்கொள்ளட்டும். எனக்குள்ள வருத்தம் வேறு. பேரன் "நேற்று நாம தோத்துட்டோம் பாட்டா" என்கிறான். யாரு மக்ளே தோத்தது என்றால் மான்செஸ்டர் என்கிறான். அவன் அழுதாலும் சிரித்தாலும் மான்செஸ்டருக்குத் தெரியப் போவதில்லை. இங்கே அவன் பெனால்டி நேரத்தில் எழுந்து போனது எங்கள் கோலிக்குத் தெரியும். போஸ்டில் நின்று பார்த்தவனுக்கு எந்த இடம் காலி ஆகிறது என்று தெரியும், அனுபவத்தில் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் அந்த நாட்டு டிவியில் நேரடியாகக் காட்டக் கூடாது. சின்னக் கிளப்புகளுக்குப் போகும் கூட்டம் குறைந்துவிடும் என்று 1960களில் செய்த ஏற்பாடு, இன்னும் காப்பாற்றுகிறார்கள். பிரீமியர் லீக் பிறந்த நாட்டிலேயே இப்படி! அந்த லீக்கின் ஞாயிறு ஆட்டம் நம் ஊருக்கு ஆறரை மணிக்கு வந்து, எங்கள் பெனால்டியில் பாதிக் கூட்டத்தைக் கொண்டுபோகிறது. டிவியை நிறுத்தச் சொல்ல எனக்கு வழி இல்லை. இனிமேல் நாலு மணிக்கே தொடங்குங்கள் என்று ஊர் கமிட்டியிடம் சொல்லிவிட்டேன், சரி என்றிருக்கிறார்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். திங்கள்கிழமை விளையாட்டுப் பக்கத்தில் ஐந்து அங்குல இடம் ஒதுக்குங்கள். குமரி மாவட்டத்தில் ஞாயிறன்று நடந்த ஆட்டங்களின் ஸ்கோர், கோல் அடித்தவர் பேர், ஊர் பேர். கடற்கரை மட்டும் வேண்டாம், நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நடப்பதையும் போடுங்கள், மலையோரத்தில் ரப்பர் வெட்டுகிற பையன்கள் ஆடுவதையும் போடுங்கள். எட்டு ஊர் ஸ்கோரையும் ஞாயிறு இரவு எட்டு மணிக்குள் போனில் சொல்லும் பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். தன் பேரை அச்சில் பார்த்த பையன் அந்தத் தாளை என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். 1987இல் கோட்டயத்தில் ஒரு பெனால்டியைப் பிடித்ததற்காக என் பேர் ஒரு மலையாளப் பத்திரிகையில் இரண்டு வரியில் வந்தது. அந்தத் துண்டு இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது.

அரை இறுதி வரும் ஞாயிறு, மாலை 4 மணி. அந்தக் கோலிப் பையன் சனிக்கிழமை கரைக்கு வந்துவிடுவேன் என்று சாட்டிலைட் போனில் சொல்லியிருக்கிறான். பேரனும் வருகிறான். கடைசி விசில் வரை இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். முடிந்தால் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். கடல் பக்கப் போஸ்டுக்குப் பின்னால், வெயில் முகத்தில் அடிக்காத இடத்தில், அவருக்கு ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கோலி, ஓய்வு பெற்ற படகுத் தொழிலாளி,
தூத்தூர் அருகே,
கன்னியாகுமரி மாவட்டம்.